வீட்டிலேயே ஜப்பானியக் கொழுக்கட்டை - புலால் இல்லாமல்!



பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு வரும்போது ஏதாவதொரு புதுப் பலகாரத்தின் பெயரையும் கொண்டு வந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெயர் 'கியோஸா'. ஜப்பான் நாட்டுக் கொழுக்கட்டை. மகள் வாங்கி வந்த பொட்டலத்தின் முன்பக்கத்தில் கோபிஸும் கேரட்டும் படமாக இருந்தன. மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பின்பக்கத்தைப் படித்தால், பன்றிக் கொழுப்பு, முட்டையின் வெள்ளைக் கரு! காய்கறிப் படத்தை நம்பி வாங்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மீன் சாறும் சிப்பிச் சாறும்கூட இப்படி ஒளிந்திருப்பதுண்டு.

என் மாமியார் சுத்த சைவம். பொட்டலம் அப்படியே பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. "நாமே செய்து பார்ப்போம்மா" என்றாள் மகள்.

அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஜப்பான் என்ற பேச்சை எடுத்தாலே மாமியார் எழுந்து போய்விடுவார். 1943-ல் அவர் கைக்குழந்தை. சயாம் மரண ரயில் பாதை போட அவருடைய தகப்பனாரைத் தோட்டத்திலிருந்து கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மாண்ட நம் தோட்டத்து மக்களின் கதை உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும்.

ஆனால், இந்தக் கியோஸாவும் அந்தப் போரோடு சேர்ந்த பண்டம்தான். ஆதியில் இது சீனருடையது. வட சீனாவை அடுத்த மஞ்சூரியாவில் குடியேறியிருந்த ஜப்பானியர்கள் 1945-ல் தோற்று, கையில் ஒன்றுமில்லாமல் ஊர் திரும்பினார்கள். அங்கே தின்று பழகிய கொழுக்கட்டையைச் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் அவர்களில் பலர். தோக்கியோவுக்கு வடக்கேயுள்ள உட்சுனோமியா நகரம் இதற்குப் பேர் போனது. ரயில் நிலையத்தருகே கொழுக்கட்டைக்குக் கல்லில் சிலையே வைத்திருக்கிறார்கள்! ஹமாமட்சு நகரத்தில் வட்டமாக அடுக்கிப் பொரித்து, நடுவில் அவித்த தௌகே வைத்துக் கொடுப்பார்கள்.

மகள் இதைச் சொன்னபோது மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நாம மரவள்ளி தின்னப்போ அவனுக்கும் சோறு இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

சரி, அடுப்படிக்கு வருவோம். பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் செய்கிற காரியமல்ல இது. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். இதில் பாலோ நெய்யோ முட்டையோ கிடையாது.

மேல் மாவுக்கு, ரொட்டி சானாய்க்குப் போடும் வெள்ளைக் கோதுமை மாவு 250 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. கொதிக்கும் நீர் ஏறக்குறைய 130 மில்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வையுங்கள். கொதிநீர் விட்டால்தான் மாவு இழுத்துக்கொள்ளாமல் மெல்லியதாகத் தேய்க்க வரும்.

பூரணத்துக்கு, கோபிஸ் 250 கிராம், கெட்டியான தௌவு 200 கிராம், உலர்ந்த சீனக் காளான் நான்கு, குச்சாய்க் கீரை ஒரு சிறு கட்டு, இஞ்சி ஒரு துண்டு, பூண்டு இரண்டு பல். பூண்டு ஆகாதவர்கள் விட்டுவிடலாம். ஜப்பானியப் புத்தக் கோயில் மடைப்பள்ளியிலும் பூண்டும் குச்சாயும் சேர்ப்பதில்லை.

எல்லாம் கெடுவதும் கூடி வருவதும் தண்ணீரில்தான் இருக்கிறது. இறைச்சி இருந்தால் பூரணம் தானே ஒட்டிக்கொள்ளும். நமக்கு அது இல்லை. முதல் தடவை நான் பிழியாமல் வைத்து, பாதிக் கொழுக்கட்டை குவாலியிலேயே வாய் பிளந்துவிட்டது. ஆகவே கோபிஸைப் பொடியாக அரிந்து, ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுப் பிசறி, கால் மணி கழித்துத் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். அந்த உப்பு நீரைக் கொட்டாதீர்கள், பருப்பில் விடலாம். தௌவைத் துணியில் சுற்றி மேலே அம்மிக் குழவியை வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். காளானை ஊறவைத்துப் பிழிந்து பொடியாக நறுக்குங்கள். இறைச்சியில்லாத குறையைத் தீர்ப்பது இந்தக் காளான்தான். எல்லாவற்றையும் ஒன்றாக்கி, உப்புக் கிச்சாப் ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் இரண்டு தேக்கரண்டி, சோள மாவு ஒரு மேசைக்கரண்டி, மிளகுத்தூள் சேர்த்துப் பிசையுங்கள். இனிப்புக் கிச்சாப் வேண்டாம், கருகிப் போகும்.

மாவை 30 உருண்டையாக்கி, ஓரம் மெல்லியதாக, பூரியைவிடச் சிறிதாகத் தேயுங்கள். நடுவே ஒன்றரைத் தேக்கரண்டி பூரணம் வைத்து, பாதி ஓரத்தில் தண்ணீர் தடவி, மடித்து, ஒரு பக்கத்தை மட்டும் ஐந்தாறு கொசுவமாக மடித்து அழுத்த வேண்டும். மகளுக்கு இது வரவில்லை. எனக்கும் கோணல்தான். மாமியார் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் எழுந்து வந்து, "தீபாவளிக்கு சோமாசு மடிச்சதில்லையாடி நீங்க?" என்று தட்டை இழுத்துக்கொண்டார். மீதி இருபதையும் அவரே மடித்தார்.

குவாலியைவிடத் தட்டையான சட்டி நல்லது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் காய்ந்ததும் நெருக்கமாக அடுக்குங்கள். அடி சிவந்ததும் மூன்றிலொரு கோப்பை வெந்நீர் ஊற்றி உடனே மூடுங்கள். தள்ளி நில்லுங்கள், சீறும். ஐந்து நிமிடத்தில் மூடியைத் திறந்து, ஈரம் வற்றி மொறுமொறுவெனச் சத்தம் கேட்கும் வரை விடுங்கள். திருப்பிப் போடக் கூடாது. ஒரு பக்கம் மொறுமொறுப்பு, மறு பக்கம் மெத்து. அதுதான் ஜப்பானியப் பக்குவம். தொட்டுக்கொள்ள, கிச்சாப்பும் காடியும் சமபங்கு கலந்து, மிளகாய்த்தூள் மேல் சூடான எண்ணெய் ஊற்றி அதில் விடுங்கள். ஜப்பானில் சோற்றோடும் சாப்பிடுகிறார்கள். என் பிள்ளைகள் சோறு வரும்வரை காத்திருக்கவில்லை.

மாமியார் ஐந்து சாப்பிட்டார். பெயரை மட்டும் இன்றுவரை சொல்வதில்லை, "அந்தச் சோமாசு எப்போ செய்யப் போறே?" என்றுதான் கேட்கிறார். அதனால் இப்போது இரண்டு பங்காகச் செய்து, வேகவைக்காமல் மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஐஸ் பெட்டியில் உறைய வைத்துப் பையில் கட்டிவிடுகிறேன். சமைக்கும்போது இளக விடாமல் நேரே சட்டியில் போட்டு, தண்ணீரை மட்டும் சற்றுக் கூட ஊற்ற வேண்டும்.