தனியார் பள்ளியில் இலவசமா எல்.கே.ஜி சேரலாமா? ஆர்.டி.இ பற்றி பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

"தனியார் பள்ளிக்கு ஃபீஸ் கட்ட நம்மால முடியுமா?" என்று தயங்கும் பெற்றோரா நீங்க? உங்க குழந்தைக்கும் சட்டப்படி ஒரு இடம் கிடைக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மை அல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25% இடங்களை ஒதுக்க வேண்டும். 8-ம் வகுப்பு வரை கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும். நன்கொடை கேட்கவோ, குழந்தைக்கு நேர்காணல் வைக்கவோ கூடாது.

யாருக்கு கிடைக்கும்?

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ரூ.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம். எஸ்.சி, எஸ்.டி, பி.சி, எம்.பி.சி, மாற்றுத்திறனாளி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு வருமான வரம்பு இல்லை. வீட்டிலிருந்து 1 கி.மீ தூரத்துக்குள் பள்ளி இருந்தால் முன்னுரிமை. விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல்.

எங்கே கோட்டை விடுறோம்?

அறிவிப்பு வந்த பிறகுதான் பலரும் இ-சேவை மையத்துக்கு ஓடுறோம். வருமானச் சான்று கைக்கு வருவதற்குள் கடைசி தேதி முடிஞ்சிடும். வாடகை வீடு மாறியவர்களுக்கு ரேஷன் கார்டில் பழைய முகவரியே இருக்கும், 1 கி.மீ கணக்கு அங்கேயே அடிபடும்.

நுழைவு வகுப்பில் தவறவிட்டால், மேல் வகுப்பில் இந்த ஒதுக்கீடு கிடையாது. அதனால குழந்தைக்கு 3 வயசு நெருங்கும்போதே பிறப்புச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, முகவரி எல்லாத்தையும் சரிபார்த்து வச்சுக்கோங்க.