அலையைப் பங்கு போட்ட கதை!

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



போன செமஸ்டர் வைவாவில் எனக்கு நடந்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் என் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிக்கொண்டே, "ஏம்பா, செல்போனுக்கு ஏன் செல்போன்னு பேரு வந்துச்சு?" என்று கேட்டார். 4ஜி, 5ஜி என்று நான் விடிய விடிய மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையுமே அவர் கேட்கவில்லை. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "உள்ளே பேட்டரி செல் இருக்கு சார், அதனாலே..." என்று இழுத்தேன். அவர் சிரிக்கவில்லை. "மூணு வருஷம் ஈ.சி.ஈ. படிச்சிருக்கே. போய் முதல்ல இருந்து படி தம்பி" என்றார். பக்கத்து டேபிளில் நின்றவர்கள்தான் சிரித்தார்கள். இன்றைக்கும் எங்கள் லேபில் என் பெயர் 'பேட்டரி'!

அந்த வெட்கத்தில் முதலிலிருந்து படித்தேன். படித்ததை உங்களோடு பங்கு போட்டுக்கொள்கிறேன். நாளைக்கு உங்களையும் யாராவது கேட்பார்கள் அல்லவா?

ஊருக்கு ஒரே ஒலிபெருக்கி

1946-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காரில் வைத்துப் பேசும் டெலிபோன் சேவை தொடங்கியது. நகரத்துக்கு நடுவே உயரமான ஏரியல், அதிகமான பவர். ஆனால் சேனல்கள் வெகு சில. ஆகவே ஒரே நேரத்தில் ஊரில் ஒரு சிலர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

நம்மூர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கோயில் கோபுரத்தில் ஒரே ஒரு பெரிய ஒலிபெருக்கி கட்டினால் ஊர் முழுவதும் ஒரே பாட்டுத்தான் கேட்கும். அதற்குப் பதிலாகத் தெருவுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் கட்டி, சத்தத்தையும் குறைத்து வைத்தால்? இந்தத் தெருவில் ஒரு பாட்டு, அடுத்த தெருவில் வேறு பாட்டு. நாலு தெரு தள்ளிப் போனால் முதல் பாட்டையே மறுபடியும் போடலாம். ஒன்றோடு ஒன்று மோதாது.

இதுதான் செல்! 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டி.எச்.ரிங் என்பவர் ஒரு குறிப்பில் இந்த யோசனையை எழுதி வைத்தார். பெரிய பரப்பைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் குறைந்த பவரில் ஒரு டவர். அடுத்தடுத்த அறைகளுக்கு வேறு வேறு அலைவரிசை, தள்ளி இருக்கும் அறைக்குப் பழைய அலைவரிசையே மறுபடியும். அந்த அறைக்குத்தான் செல் என்று பெயர். வட்டம் வட்டமாக வரைந்தால் நடுவில் சந்து விழும். அதனால்தான் புத்தகத்தில் தேன்கூடு போல ஆறு பக்கமாக வரைகிறார்கள்.

மதுரையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் பேசிக்கொண்டே போகிறோம். மேலூரில் ஒரு டவர் நம்மைப் பிடித்திருக்கும், துவரங்குறிச்சியில் வேறொன்று. இடையில் எத்தனையோ முறை கைமாறுகிறோம். நமக்குத் தெரிவதே இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனும் டவரும் சிக்னலை அளந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த டவர் பலமாகத் தெரிந்தால் அதனிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். இதுதான் ஹேண்டோவர்.

யோசனை 1947-இலேயே வந்துவிட்டாலும் அதைச் செய்து காட்டும் எலக்ட்ரானிக்ஸ் அன்றைக்கு இல்லை. 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர், நியூயார்க் தெருவில் நின்றுகொண்டு கையடக்க போனில் பேசினார். யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? போட்டிக் கம்பெனியான பெல் ஆய்வுக்கூடத்தின் ஜோயல் எங்கலை! 1979-இல் டோக்கியோவிலும், 1983-இல் சிகாகோவிலும் மக்களுக்கான செல் சேவை வந்தது. இவைதான் முதல் தலைமுறை. சிகாகோவில் வந்த முறையில் ஒவ்வொரு பேச்சுக்கும் 30 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் முழுசாகப் போய்விடும். ஒருவர் பேசி முடிக்கும்வரை அது அவருக்கே சொந்தம். ஆள் கூடக் கூட அலைவரிசை தீர்ந்துபோனது.

எட்டுப் பேருக்கு ஒரு குழாய்

இங்கேதான் 2ஜி வருகிறது. ஐரோப்பியர்கள் கூடி உருவாக்கிய ஜி.எஸ்.எம். முறையில் 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் அழைப்பு போனது. இதில் பேச்சு டிஜிட்டலாக மாறுகிறது. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியரை எட்டுப் பேர் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஹாஸ்டலில் ஒரு குழாய்க்கு எட்டு பக்கெட் வரிசையில் நிற்பது மாதிரிதான். ஆனால் இங்கே ஒருவருடைய முறை ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, 0.577 மில்லி செகண்டுதான்! எட்டுப் பேரும் ஒரு சுற்று முடிக்க 4.615 மில்லி செகண்டு. நம் காதுக்கு இடைவெளியே தெரியாது.

முறை வைத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. தூரத்தில் இருப்பவரின் அலை வந்துசேரத் தாமதமானால் அடுத்தவர் முறையில் போய் இடிக்கும். அதனால் "நீ கொஞ்சம் முன்னாடியே அனுப்பு" என்று டவர் போனுக்குச் சொல்லும். அப்படிச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண ஜி.எஸ்.எம். செல்லில் அது ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கடலுக்குள் போகும் மீனவருக்கு அதற்கு மேல் சிக்னல் கட்டை காட்டினாலும் பேச முடியாமல் போவது இதனால்தான். பவர் போதாமல் அல்ல, நேரம் போதாமல்!

இந்தியா தன் செல் சேவையைத் தொடங்கியதே இந்த 2ஜியில்தான். 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அதுதான் நம் நாட்டின் முதல் செல் அழைப்பு. சென்னையிலும் அதே ஆண்டு ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்ற இரண்டு கம்பெனிகள் வந்தன. அன்றைக்கு ஒரு நிமிஷம் பேச 16 ரூபாய் வரை ஆனது. நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும். அதனால் நம்பர் யாருடையது என்று பார்த்துவிட்டு, கட் செய்துவிட்டு, பூத்துக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டவர்கள் உண்டு என்று எங்கள் சித்தப்பா சொல்லுவார். 2003 மே மாதம்தான் இன்கமிங் இலவசமானது. அதன் பிறகுதான் பிளம்பருக்கும், பூக்கார அம்மாவுக்கும், ஆட்டோக்காரருக்கும் போன் ஒரு தொழில் கருவியானது. காசில்லாமல் 'மிஸ்டு கால்' விட்டே சேதி சொல்லவும் நம்மவர் பழகிக்கொண்டார்கள்!

எஸ்.எம்.எஸ். பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 140 பைட்தான் கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும், ஆகவே 160 எழுத்து. தமிழுக்கு யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட், ஆகவே 70 தான். அதிலும் 'அம்மா' என்பது நமக்கு மூன்று எழுத்து, போனுக்கோ ஐந்து குறி! புள்ளிக்கும் காலுக்கும் தனித்தனியாக இடம் வேண்டும். நம் அண்ணன்மார்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு பாஷை

முறை வைக்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசினால் என்ன? அதுதான் சி.டி.எம்.ஏ. கல்யாண மண்டபத்தில் இரண்டு பேர் தமிழில், இரண்டு பேர் தெலுங்கில், இரண்டு பேர் மலையாளத்தில் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த பாஷை மட்டும் காதில் ஏறும், மற்றதெல்லாம் இரைச்சல். இங்கே பாஷை என்பது ஒவ்வொருவருக்கும் தரப்படும் ஒரு குறியீடு. ஆனால் ஒருவர் கத்திப் பேசினால் மண்டபமே கெட்டது! அதனால் 3ஜியில் டவர் ஒரு வினாடிக்கு 1500 தடவை "சத்தத்தைக் குறை, கூட்டு" என்று போனுக்கு உத்தரவு போடுகிறது.

3ஜிக்காக 2010-இல் மத்திய அரசு நடத்திய ஏலத்தில் அலைக்கற்றை ஏறத்தாழ 67,700 கோடி ரூபாய்க்குப் போனது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு இந்த விலை! நிலம் மாதிரித்தான் அலையும். கூடுதலாக உற்பத்தி செய்ய முடியாது. பங்கு போடும் முறையைத்தான் மாற்ற முடியும்.

4ஜி வந்தபோது மறுபடியும் முறை மாறியது. ஒரே லாரியில் எல்லாச் சரக்கையும் ஏற்றி வேகமாக ஓட்டாமல், ஆயிரம் டி.வி.எஸ். 50-இல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மெதுவாக அனுப்புவது போல. 20 மெகாஹெர்ட்ஸ் இடத்தை 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 1200 துணை அலைகளாகப் பிரிக்கிறார்கள். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி மெதுவாகப் போகும் அலையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. இப்படிப் பிரிப்பதும் சேர்ப்பதும் யார் வேலை தெரியுமா? கணக்கு வகுப்பில் பெயரைக் கேட்டாலே நாம் கொட்டாவி விடும் ஃபூரியர்! இந்தியாவில் 4ஜி 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் தொடங்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டா விலை தலைகீழாக விழுந்தது. 4ஜியில் பேச்சுக்கென்று தனிப் பாதை கிடையாது, அதுவும் டேட்டாவாகவே போகிறது.

2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் தொடங்கிய 5ஜியிலும் அடிப்படை அதே துணை அலைகள்தான். ஆனால் ஒரே பெட்டியில் நிறையச் சின்ன ஏரியல்களை வைத்து, பெட்ரோமாக்ஸ் மாதிரி எல்லாப் பக்கமும் வெளிச்சம் அடிக்காமல், டார்ச் லைட் மாதிரி ஆள் இருக்கும் திசைக்கே அலையை அனுப்புகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டார்ச் அடித்தால் ஒரே அலைவரிசையை இரண்டு பேருக்குக் கொடுக்கலாம் இல்லையா? யோசித்துப் பாருங்கள், இது 1947-இன் செல் யோசனைதான். அன்றைக்குத் தெருவுக்கு ஒரு ஸ்பீக்கர், இன்றைக்கு ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர்!

பெட்டி மாறும், விதி மாறாது

இதையெல்லாம் படித்து முடித்ததும் எனக்குள் ஒரு பயம் வந்தது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை எல்லாம் மாறுகிறதே, நாம் படிப்பது வேலைக்கு வரும்போது உதவுமா?

எங்கள் சித்தப்பாவும் நம்மைப் போல டிப்ளமாதான். 2004-இல் படித்து முடித்ததும் ஒரு சி.டி.எம்.ஏ. கம்பெனியில் டவர் பராமரிப்பு வேலை. நல்ல சம்பளம், பைக், கல்யாணம் எல்லாம் அதில்தான். பிறகு சி.டி.எம்.ஏ. காலம் முடிந்தது. ஒரு நாள் காலையில் ஆபீசுக்கு வரச்சொல்லி, கணக்கை முடித்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். அப்போது என் தங்கச்சிக்கு, அதாவது அவர் மகளுக்கு, மூன்று வயது. அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சித்தி இன்றும் சொல்லுவார்.

அவரோடு வேலை பார்த்தவர்களில் சிலருக்கு அந்தக் கம்பெனிப் பெட்டியில் எந்தக் கார்டைக் கழற்றி எந்தக் கார்டை மாட்ட வேண்டும் என்பது மட்டுமே தெரியும். அந்தப் பெட்டி போனதும் அந்த வேலையும் போனது. சித்தப்பாவுக்கு மட்டும் நாலு மாதத்தில் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. எப்படி என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"டேய், எல்லா டவர்லயும் மைனஸ் 48 வோல்ட் டி.சி.தான்டா. அது 2ஜியிலயும் உண்டு, 5ஜியிலயும் உண்டு. பேட்டரி பேங்கு, எர்த்திங், கேபிள்ல எவ்வளவு பவர் திரும்பி வருதுன்னு அளக்கறது, ஏரியல் எத்தனை டிகிரி சாஞ்சிருக்கணும்ங்கறது, இதெல்லாம் எனக்குத் தெரியும். ஃபைபர் ஒட்டறது மட்டும் புதுசாக் கத்துக்கிட்டேன். பெட்டி மாறும்டா. ஓம் விதி மாறுமா?"

இன்று அவர் 5ஜி பெட்டிகளை டவரில் ஏற்றும் குழுவுக்கு மேஸ்திரி.

நண்பர்களே! பழையது முழுசாகச் சாவதும் இல்லை. தனியார் கம்பெனிகள் 3ஜியைப் பெரும்பாலும் மூடிவிட்ட பிறகும், பட்டன் போன் வைத்திருக்கும் நம் தாத்தா பாட்டிகளுக்காக 2ஜி ஓடிக்கொண்டிருக்கிறது. 5ஜி போனில் பணம் அனுப்பும்போதும் வங்கியின் ரகசிய எண் பெரும்பாலும் 1992-இல் பிறந்த எஸ்.எம்.எஸ்.ஸில்தான் வருகிறது. புதியதும் இனி வெளியிலிருந்து மட்டும் வரப்போவதில்லை. 2025 செப்டம்பர் 27 அன்று பி.எஸ்.என்.எல். உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜியைத் தொடங்கியது. அதில் மையக் கருவி சி-டாட் நிறுவனத்துடையது, ரேடியோ தேஜஸ் நிறுவனத்துடையது. இதுவரை வாங்கிப் பொருத்திய நாடு, இப்போது செய்தும் பார்க்கிறது. அதைச் செய்யவும், ஏற்றவும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். அது நாமாக ஏன் இருக்கக் கூடாது?

ஆகவே, எத்தனையாவது ஜி என்று மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். அலையை ஏன் பங்கு போட வேண்டியிருக்கிறது, எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது தெரிந்தால் 6ஜி வரும்போதும் நாம் பயப்பட வேண்டாம்.

அடுத்த வைவாவில் உங்களிடம் யாராவது, "செல்போனுக்கு ஏன் செல்போன்னு பேரு?" என்று கேட்டால் தயவுசெய்து பேட்டரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பட்டம் எங்கள் துறையில் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது!