எம்போரியோன்: ஒரு சொல்லும் ஒரு பட்டினமும்

பண்டைக் கிரேக்கர் அயல்நாட்டுக் கடற்கரைகளில் அமைத்த குடியேற்றங்களை ஆட்சிப் பரப்பின் கூறுகளாகவே கருதி எழுதிய வரலாற்றாசிரியர் பலர். நாகரிகம் அறியாத நிலத்தில் அதனை நட்டவர் கிரேக்கர் என்னும் எண்ணமும் அதனொடு பிணைந்து வந்தது. இக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதனை, ஸ்பெயின் நாட்டின் வடகீழ்க் கடற்கரையில் விளங்கிய எம்போரியோன் என்னும் பட்டினத்தைக் கொண்டு ஆராய்வாம்.

எம்போரியோன் என்பது கடல்வணிகம் நிகழும் இடத்தைக் குறிக்கும் கிரேக்கப் பொதுச்சொல். கலமேறிச் செல்வோன், வணிகன் எனப் பொருள்படும் எம்போரோஸ் என்பதன் அடியாகப் பிறந்தது. நிறுவியோர் பெயராலன்றித் தொழிலாலேயே ஓர் ஊர் பெயர் பெற்றமை அதன் இயல்பைப் புலப்படுத்தும்.

சிற்றாசியாவின் மேலைக் கரையிலிருந்த போக்கேயா நகரத்தார் ஏறத்தாழக் கி. மு. 600இல் மசாலியாவை, அஃதாவது இன்றைய மார்சேல் நகரை, நிறுவினர். அவர்தம் வழியினர் கி. மு. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கரையை அடுத்த ஒரு சிறு தீவில் முதற்கண் தங்கினர். பின்னர் எதிர்க்கரையில் புதுநகர் அமைத்தனர்.

அங்கு அவர்கள் வெற்றுநிலத்தில் வாழ்ந்தாரல்லர். இந்திகேட்டர் என்னும் ஐபீரியக் குடியினர் அயலில் வாழ்ந்தனர். இருசாராரையும் சூழ்ந்து ஒரு மதிலும், நடுவே பிரிக்கும் மற்றொரு சுவரும் இருந்தன என்றும், காலப்போக்கில் இருவரும் கிரேக்க முறைமையும் உள்நாட்டு முறைமையும் கலந்த ஒரே ஆட்சியின்கீழ் இணைந்தனர் என்றும் ஸ்டிராபோ கூறுவர். கிரேக்கக் குடிகளில் மூன்றில் ஒரு பங்கினர் இரவுதோறும் மதில் காத்தனர் என்பது லிவியின் கூற்று. அவரே, கடற்பழக்கமில்லாத அயலார் கலங்கள் கொணரும் பண்டங்களை வாங்கவும் தம் நிலத்து விளைவை விற்கவும் விரும்பினர் என்றும் காரணம் காட்டுவர். எனவே சுவர் அச்சத்தையும், வணிகம் ஒருவர்க்கொருவர் வேண்டப்பட்ட நிலையையும் காட்டுகின்றன.

இதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1985இல் இவ்வூரில் கிடைத்த ஈயத்தகடு, கி. மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த வணிகக் கடிதம்; அயோனியக் கிரேக்கத்தில் அமைந்த அதில் ஐபீரியப் பெயருடையான் ஒருவன் குறிக்கப்படுகின்றான். தென்பிரான்சின் பெஷ் மஹோவில் கிடைத்த மற்றோர் ஈயத்தகடு, எம்போரியோன் மக்களிடம் படகு வாங்கிய செய்தியைக் கூறுகின்றது. அவ்வொப்பந்தத்தின் சான்றாளருள்ளும் ஐபீரியப் பெயரினர் உளர். பட்டினத்து வெள்ளிக் காசுகளில் பொறித்த சிறகுடைக் குதிரையை, பிற்காலத்தில் இந்திகேட்டர் தம் காசில் ஐபீரிய எழுத்தோடு பொறித்தனர்.

கி. மு. 218இல் உரோமப் படை இங்கு இறங்கியது, கி. மு. 195இல் கேட்டோ வந்தனன். பின்னர்ச் சீசர் உரோமக் குடிகளை அமர்த்தினன். இலத்தீனில் ஊர்ப்பெயர் எம்போரியே எனப் பன்மையாயிற்று. 1908 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் நகரின் அமைப்பை வெளிப்படுத்தின. சூழ்ந்துள்ள நிலப்பகுதி இன்றும் எம்பூர்தா எனப்படுகின்றது. வணிகத்தலத்தின் பெயர் ஒரு நாட்டுப்பகுதியின் பெயராக நிலைத்தமை இதனால் விளங்கும்.

இவ்வாராய்ச்சி தமிழ் வரலாறு பயில்வோர்க்கும் பயன்படும். கி. பி. 2ஆம் நூற்றாண்டினரான தாலமி, முசிறியையும் காவிரியின் பெயரால் தாம் வழங்கும் கபேரிஸையும் எம்போரியோன் என்றே குறிக்கின்றனர். அச்சொல்லை மட்டும் கொண்டு அவ்விடங்களை யவனர் குடியேற்றம் எனவோ யவனர் ஆட்சிக்குட்பட்டவை எனவோ கொள்ளுதல் பொருந்தாது. அச்சொல்லையே தன் பெயராகக் கொண்ட பட்டினத்திலும் வாழ்வு நிலைத்தது மண்ணுக்குரியார் இசைவாலேயாம். கொள்வாரும் கொடுப்பாரும் கூடுமிடம் என்பதே சொல் தரும் பொருள். ஆண்டவர் யாவர் என்பதனைப் பிற சான்றுகளே கூறுதல் வேண்டும்.