முதலில் அரம், அப்புறம் லேத்

பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பிள்ளைகளுக்கு லேத் ஓட்டவும் இரும்பு அறுக்கவும் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியும் என்று 1880இலேயே செய்து காட்டிய ஊர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். செய்தவர் அங்கே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக் கொடுத்த கால்வின் உட்வர்ட். இயந்திரவியல் கணக்குகளை விளக்க மர மாதிரிகள் செய்துகொண்டு வரச் சொன்னாராம். பையன்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ரம்பம் பிடிக்கத் தெரியவில்லை. அங்கே ஆரம்பித்த விஷயம், 14 வயது நிரம்பிய பையன்களுக்கான மூன்று வருடப் பள்ளியில் போய் முடிந்தது. முதல் வருடம் மரவேலை, இரண்டாவது வருடம் கொல்லுப்பட்டறை, மூன்றாவது வருடம் லேத் முதலான இயந்திரங்கள். தினம் இரண்டு மணி நேரம் பட்டறை, மீதி நேரம் கணிதம், அறிவியல், மொழி, வரைபடம். படிப்பு வராத பையன்களை ஒதுக்கிவிடுகிற இடமாக அவர் அதை நினைக்கவில்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லணும், ஏன்னா பின்னாளில் பல ஊர்களில் அது அப்படித்தான் ஆகிப்போனது.

அவர் பயன்படுத்திய முறை ஒரு ரஷ்யருடையது. மாஸ்கோ இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா-வோஸுக்கு 1868 வாக்கில் ஒரு நடைமுறைச் சிக்கல். பட்டறையில் வேலை கற்றுக்கொள்வது என்றால் அதுவரை ஒரே வழிதான்: ஒரு மேஸ்திரியிடம் சேர்ந்து, வருகிற ஆர்டரைச் செய்துகொண்டே, பார்த்துப் பார்த்துக் கற்பது. நம்ம ஊர் லேத் பட்டறையிலும் இதே கதைதானே. டீ வாங்கிக் கொடுத்து, பிசிறு கூட்டி, பல மாதம் கழித்துத்தான் கைப்பிடியைத் தொட விடுவார்கள். ஒரு பையனுக்கு இது சரி. வகுப்பு நிறைய மாணவர்கள் இருந்தால் நடக்காது.

டெல்லா-வோஸ் செய்தது எளிய காரியம். கற்றுக்கொடுக்கிற பட்டறையையும், விற்பனைக்குச் சாமான் செய்கிற பட்டறையையும் தனித்தனியாகப் பிரித்தார். ஒவ்வொரு தொழிலையும் அதன் அடிப்படைச் செயல்களாக உடைத்து, சுலபத்திலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு பயிற்சிக்கும் முதலில் வரைபடம், பிறகுதான் இரும்பு. ஒரு மாதிரியைச் சரியாகச் செய்யாமல் அடுத்ததற்குப் போக முடியாது. எத்தனை மாணவரோ அத்தனை இடம், அத்தனை கருவி. இந்த மாதிரிகள் 1876இல் பிலடெல்பியா கண்காட்சிக்கு வந்தபோது எம்ஐடியின் தலைவர் ஜான் ரங்கிள் பார்த்தார். உடனே தன் கல்லூரியில் இதே முறையில் பட்டறை தொடங்க ஏற்பாடு செய்தார். உட்வர்டும் இதையே எடுத்துக்கொண்டார்.

விற்பனையை ஏன் விலக்கணும்? ஆர்டர் வந்துவிட்டால், டிரில் நன்றாகப் போடுகிற பையன் வருடம் முழுக்க டிரில்தான் போடுவான். அவனுக்கு அது வந்துவிட்டது என்பதே அவன் மேலே கற்காததற்குக் காரணமாகிவிடும்.

ஐடிஐ ஃபிட்டர் படித்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஆரம்ப நாட்களில் அரம் போட்டே கை கொப்பளித்த கதை சொல்வார்கள். ஒரு இரும்புத் துண்டு, ஒரு வைஸ், ஒரு அரம். முகத்தை மட்டமாக்கு, பக்கத்தை அதற்குச் செங்குத்தாக்கு. வெளியிலிருந்து பார்த்தால் தண்டனை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அரத்தை முன்னே தள்ளத் தொடங்கும்போது அதன் பெரும்பகுதி ஜாபுக்கு இந்தப் பக்கம், நம் பக்கம் இருக்கிறது. தள்ளி முடிக்கும்போது அந்தப் பக்கம் போய்விடுகிறது. இரண்டு கையிலும் கடைசிவரை ஒரே அழுத்தம் கொடுத்தால் அரம் ஏற்றப்பலகை மாதிரி ஆடும். ஓரங்கள் தேயும், நடு மேடாக நிற்கும். அதனால் ஆரம்பத்தில் முன்கை அதிகம் அழுத்தணும், போகப்போக அது குறைந்து பின்கை ஏறணும். திரும்ப இழுக்கும்போது அழுத்தமே கூடாது, அரம் வெட்டுவது முன்னே போகும்போது மட்டும்தான். இதை வாயால் சொல்ல அரை நிமிடம். கைக்கு வரப் பல நாள்.

கை தப்பினால் யார் சொல்வது? ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. ட்ரை ஸ்கொயரை முகத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், எங்கே பள்ளமோ அங்கே வெளிச்சம் ஒழுகும். பரீட்சைத் தாளில் ஆசிரியர் போடுகிற மார்க்கோடு சண்டை போடலாம். இந்த வெளிச்சத்தோடு சண்டை போட முடியாது. இந்தப் படிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: தப்பைத் தானே கண்டுபிடித்து, எவ்வளவு தப்பு என்று அளந்து, தானே திருத்துகிற பழக்கம்.

லேத்துக்கு வந்தால் கணக்குப் புத்தகமே எழுந்து வருகிறது. மைல்ட் ஸ்டீலை எச்எஸ்எஸ் டூலால் கடையும்போது வெட்டு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ராடின் விட்டம் 25 மி.மீ. 30 × 1000 ஐ π × 25 ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 382 சுற்று. விட்டம் பாதியானால் சுற்று இரட்டிப்பாகும். π எதற்கு என்று கேட்கிற பையனுக்கு இதைவிட நல்ல பதில் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று. மாணவன் சூடாக இருக்கும்போதே அளந்து 50.00 மி.மீ. என்று எழுதுகிறான். ஆறியபின் அளந்தால் 49.98. யாரும் பொய் சொல்லவில்லை. எஃகு 40 டிகிரி கூடினால் 50 மி.மீ.க்குச் சுமார் 0.02 மி.மீ. விரியும், வெர்னியரில் சரியாக ஒரு கோடு. வெப்ப விரிவு என்ற பாடம் அன்றைக்குப் புரிகிற மாதிரி வேறு என்றைக்கும் புரியாது.

ரஷ்ய முறையில் ஒரு குறை உண்டு. செய்கிற மாதிரிகள் எதற்கும் உதவாது. செய்து, திருத்தி, மார்க் வாங்கி, பழைய இரும்போடு போட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். இதே காலத்தில் ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் பரப்பிய 'ஸ்லாய்ட்' முறை இதற்கு நேர் எதிர். பெரும்பாலும் மரவேலைதான், ஆனால் ஒவ்வொன்றும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பயன்படுத்துகிற சாமான். என் கட்சி நடுவில். முதல் சில வாரம் அரப் பயிற்சி, பிறகு ஒரு சுத்தியல். தலை சதுரக் கம்பியில், முழுக்க அரத்தில். நடுவில் 8.5 மி.மீ. துளை போட்டு எம்10 டேப். கைப்பிடி லேத்தில்: முகம் கடைதல், டேப்பர், நர்லிங், நுனியில் மரை. எல்லாச் செயலும் ஒன்றில் வந்துவிடுகிறது. வீட்டில் ஆணி அடிக்கும்போது அப்பாவும் பார்ப்பார்.

சிஎன்சி காலத்தில் அரம் எதற்கு என்று கேட்பார்கள். ஜாப் சரியாகப் பிடிபடவில்லை என்பதை அதிர்கிற சத்தத்தில் கண்டுபிடிக்கிற காது, புரோகிராம் எழுதுவதால் மட்டும் வராது.

உண்மையான தடை வேறு, பயம். அது நியாயமான பயமும்கூட. 2011இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இரவில் தனியாக லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மாணவி, தலைமுடி சிக்கி இறந்துபோனார். லேத்துக்குக் கருணை கிடையாது. முடியைக் கட்டி உள்ளே செருகணும். துப்பட்டா, தொங்குகிற சட்டைக்கை, மோதிரம், கையுறை எதுவும் சுழல்கிற ஜாப் பக்கம் கூடாது. கையுறை பாதுகாப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், சிக்கினால் அது விரலையும் சேர்த்து இழுக்கும். சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கவே கூடாது. மோட்டார் ஓடினால் அது தோட்டா மாதிரி பறக்கும். சுருளைக் கையால் இழுக்கக் கூடாது, கொக்கி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது. ஒரு ஆசிரியர் கண்ணால் கவனிக்க முடிகிற அளவுதான் இயந்திரங்கள் ஓடணும். சிக்கனம் பார்த்து அறுபது பேருக்கு ஒருவரை நிறுத்துகிற பள்ளி லேத் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஆனால் அரத்துக்கு இந்தப் பயம் ரொம்பக் குறைவு. வைஸ் வாய் மாணவனின் முழங்கை உயரத்தில் இருக்கணும். பிடியில்லாத அரத்தைக் கொடுக்கக் கூடாது, அதன் வால் உள்ளங்கையில் ஏறிவிடும். ஒரு ஹாக்சா, ஒரு ட்ரை ஸ்கொயர், ஒரு வெர்னியர், பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய கொஞ்சம் மைல்ட் ஸ்டீல். ஒரு வருடத்துக்கு இது போதும், லேத்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.