அழகர் தேனூரில் இறங்கினாரா? தொ.ப. காட்டும் வழி

சித்திரைக் கொடியேற்றம் நெருங்கிவிட்டது. அதற்குள் பதில் வேண்டும் என்று சமயநல்லூர், தேனூர், பரவைப் பக்கத்து வாசகர்கள் எழுதுகிறார்கள். கடிதங்களில் ஒரே குழப்பம்தான். கள்ளழகர் முன்பெல்லாம் அலங்காநல்லூர் வழியாக வந்து தேனூரில்தான் வைகையில் இறங்கினார், திருமலை நாயக்கர் காலத்தில்தான் அது மதுரைக்கு மாறியது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள், துணைக்குத் தொ.பரமசிவனையும் அழைக்கிறார்கள். இது வரலாறா, ஊர்ப் பெருமையா? எதிர்சேவை, பூப்பல்லக்கு பற்றியெல்லாம் மதுரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பார்க்க வேண்டியது, எழுத்தில் இல்லாத ஒன்றை ஓர் ஆய்வாளர் எதைக் கொண்டு நிறுவுகிறார் என்பதை.

பாளையங்கோட்டையில் 1950இல் பிறந்த தொ.ப., மதுரை தியாகராசர் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். பின்னாளில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வான ‘அழகர் கோயில்’ நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது. தலபுராணம் என்பது கோயில் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்றிதழ். தொ.ப. அதையும் படித்தார், கல்வெட்டையும் படித்தார். ஆனால் அங்கே நிற்கவில்லை. கோயிலுக்கு வெளியே வந்து, எந்தச் சாதியாருக்கு என்ன மரியாதை, எந்த மண்டபம் யார் பெயரில் இருக்கிறது, வர்ணிப்புப் பாடுகிறவர்கள் எந்தக் கதையைப் பாடுகிறார்கள் என்று கேட்டார். திருவிழாவில் ஒருவருக்குள்ள உரிமையை ஓர் ஆவணத்தைப் போலப் படித்ததுதான் அவர் செய்த புதுமை.

தேனூர் வழக்கில் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். தேனூர் மதுரைக்கு மேற்கே, சமயநல்லூரை ஒட்டிய ஊர். அழகர் ஆற்றில் இறங்கியபின் போகும் வண்டியூரோ நகரத்துக்குக் கிழக்கே. ஆனால் வண்டியூரில் வைகைக்குள் நிற்கும் மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம். அழகர் புறப்பட்டு வருவதற்குக் கோயில் தரப்பு சொல்லும் காரணம், தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு விமோசனம் தருவது. அந்தச் சடங்கு, நாரையைப் பறக்கவிடுவது உட்பட, நடப்பது இந்த மண்டபத்தில்தான். திருவிழாவின் உயிரான சடங்குக்கு, நகரத்தின் மறுகோடியிலுள்ள ஒரு சிற்றூரின் பெயர் எதற்கு? விழா இடம் பெயர்ந்தபோது, பழைய இடத்து ஊராரின் உரிமையும் கூடவே வந்திருக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். பாதையை மன்னர் மாற்றலாம். மரியாதையைப் பிடுங்கினால் ஊர் சும்மா இருக்காது. பங்காளிகளும் போட்டியாளர்களும் சூழ்ந்திருக்கும் இடத்தில், ஆதாரமில்லாத உரிமை தலைமுறைகளைத் தாண்டி நிலைப்பதும் கடினம்.

தேனூர்க்காரர் ஒருவர் பொருள் கொடுத்து மண்டபம் கட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மண்டபம் மட்டுமே சான்றாக இருந்தால் நானும் தயங்குவேன். ஆனால் மண்டபத்தின் பெயரும், அங்கே நடக்கும் சடங்கும், தேனூர் வட்டாரத்து வாய்மொழியும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. மாற்றியவர் திருமலை நாயக்கர் (1623–1659) என்பதற்கு முதன்மைச் சான்று மரபுச் செய்திதான். எனவே இடம் மாறியது என்பதை அழுத்தமாகவும், மாற்றியவர் யார் என்பதைச் சற்றுத் தளர்வாகவும் ஏற்பதே முறை.

சைவ வைணவ ஒற்றுமைக்காக மீனாட்சி கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குதல் ஆகிய இரு விழாக்களும் இணைக்கப்பட்டன என்று சுற்றுலாப் பிரசுரங்கள் ஆண்டுதோறும் அச்சிடுகின்றன. அதில்தான் எனக்கு நம்பிக்கையில்லை. மீனாட்சி கல்யாணத்தில் தாரை வார்ப்பது திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர் வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. அவர் மீனாட்சி கோயிலுக்குள் நுழைவதே இல்லை. தங்கை கல்யாணத்துக்குப் பிந்தி வந்து கோபித்துத் திரும்பும் அண்ணன் கதையைத் தந்தது தலபுராணம் அல்ல, நாட்டார் மரபு. ஒற்றுமை சடங்கில் இல்லை, சனங்களின் கதையில் இருக்கிறது. தொ.ப. அந்தக் கதையைப் பொய் என்று தள்ளாமல், கோயிலுக்கும் மக்களுக்கும் உள்ள உறவின் சான்றாக எடுத்துக்கொண்டார்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. தேனூர் பழைய ஊரா? ஐங்குறுநூற்றிலேயே அதன் பெயர் வருகிறது. அழகருக்குக் கள்ளர் கோலம் ஏன்? கள்ளர் சமூகத்துக்கும் கோயிலுக்கும் இருந்த மோதலும் சமரசமும். ‘அழகர் கோயில்’ நூலில் விரிவாக உண்டு. தொ.ப. இப்போது எங்கே? 2020 டிசம்பர் 24 அன்று காலமானார். அவருடைய நூல்கள்? தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது, யாரும் அச்சிடலாம். தேனூர் மண்டபத்தைப் பார்க்க வேண்டுமா? அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் வண்டியூருக்குப் போங்கள்.