ரத்த உறவே கும்பலாக இருக்கும்போது

இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவின் மாஃபியாவான கோசா நோஸ்ட்ராவை ஆட்டங்காண வைத்தவர்கள் அதற்குள்ளேயே இருந்தவர்கள்தான். 1984-ல் தொம்மாசோ புஷெட்டா அப்ரூவராக மாறி, அமைப்பின் அடுக்குகளையும் ஆட்களையும் நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயிடம் விவரித்தார். 1986-ல் பலேர்மோவில் தொடங்கிய மாபெரும் வழக்கில், மறு ஆண்டே 338 பேருக்குத் தண்டனை கிடைத்தது. புஷெட்டாவைத் தொடர்ந்து பலர் வாய் திறந்தார்கள். ஆனால் குறுகிய கடலைத் தாண்டினால் வரும் கலாப்ரியாவில் அது நடக்கவில்லை. அங்கே வேரூன்றிய என்ட்ராங்கெட்டா, ஐரோப்பாவுக்குள் கொக்கெய்ன் கொண்டுவரும் கும்பல்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதிலிருந்து நெடுங்காலம் அப்ரூவர்கள் அபூர்வமாகவே வந்தார்கள்.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு குடும்பம். அப்பா தலைவர் என்றால், அவருக்குக் கீழே மகன்களும் தம்பிகளும் மருமகன்களும் இருப்பார்கள். வாக்குமூலம் கொடுக்க நினைப்பவர் முதலில் பெற்றவரையும் உடன்பிறந்தவர்களையும்தான் சிறைக்கு அனுப்ப வேண்டும். பையன்கள் துப்பாக்கியையும் பழிக்குப் பழியையும் வீட்டிலேயே கற்கிறார்கள். பெண்களைப் பகை தீர்க்கவும் கூட்டு சேரவும் சிறு வயதிலேயே கட்டிக்கொடுக்கிறார்கள். கணவன் பல ஆண்டுகள் சிறையில் இருந்தாலும் மனைவி அவனுக்காகவே வாழ வேண்டும். அவள் எங்கே போகிறாள், யாரிடம் பேசுகிறாள் என்று புகுந்த வீடு கவனித்துக்கொண்டே இருக்கும்.

இந்த வேலியைத் தாண்டியவர் லேயா கரோஃபாலோ. அப்பா, அண்ணன், மகளின் தந்தை எல்லோருமே அந்த உலகத்து ஆட்கள். 2002-ல் அவர் போலீஸிடம் பேசினார். மகளோடு ஊர் ஊராக மாறி, வேறு பெயரில் வாழ்ந்தார். ஆனால் அவர் சொன்ன தகவல் போதுமான அளவு பயன்படவில்லை என்று சொல்லி, 2006-ல் பாதுகாப்பை விலக்கிக்கொண்டார்கள். மேல்முறையீட்டில் அது திரும்பக் கிடைத்தாலும், அரசின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை திரும்பவில்லை. 2009-ல் அவரே பாதுகாப்பைக் கைவிட்டார். அந்த ஆண்டு நவம்பரில், மகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசலாம் என்று மகளின் தந்தை மிலானுக்கு அழைத்தார். அங்கே லேயாவைக் கடத்திக் கொன்று, உடலை எரித்துவிட்டார்கள். அப்போது 17 வயதாக இருந்த மகள் பிறகு நீதிமன்றத்தில் தந்தைக்கு எதிராகவே சாட்சி சொன்னார். தந்தைக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண்ணின் துணிச்சலைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு குழந்தையிடம் எந்தச் சமூகமும் இவ்வளவு துணிச்சலை எதிர்பார்க்கக் கூடாது.

சட்டத்தில் இருந்த ஓட்டையை லேயாவின் கதை காட்டிவிட்டது. 1991-ல் வந்த பாதுகாப்புச் சட்டம், வழக்குக்கு உதவும் தகவல் தருபவர்களுக்கானது. சொல்வதற்குத் தகவல் எதுவும் இல்லாமல், பிள்ளைகளோடு வெளியேற மட்டும் விரும்பும் தாய்க்கு அதில் இடமில்லை.

வேறு வழி தேடியவர் நீதிபதி ரொபெர்த்தோ தி பெல்லா. 1990-களில் ரெஜ்ஜோ கலாப்ரியா சிறார் நீதிமன்றத்தில் பணியாற்றியவர், 2011-ல் அதன் தலைமை நீதிபதியானார். தாம் முன்பு விசாரித்த சிறுவர்களின் தம்பிகளும் பிள்ளைகளும் இப்போது அதே குற்றங்களுக்காகத் தம்முன் நிற்பதைக் கண்டார். 2012 முதல் புது வழி ஒன்றைப் பின்பற்றத் தொடங்கினார். பிள்ளையைக் குற்றத்துக்குப் பழக்கும் வீட்டையும், அடித்துத் துன்புறுத்தும் வீட்டைப் போலவே சட்டம் பார்க்க வேண்டும் என்றார். அத்தகைய பெற்றோரின் உரிமையைக் கட்டுப்படுத்தி, பிள்ளைகளைக் கலாப்ரியாவுக்கு வெளியே வளர்ப்புக் குடும்பங்களிடமும் விடுதிகளிலும் சேர்த்தார். மாஃபியா எதிர்ப்பு அமைப்பான லிபேராவின் தொண்டர்கள் துணை நின்றார்கள். கத்தோலிக்க ஆயர் பேரவை பணம் கொடுத்தது. பின்னர் அரசுத் துறைகளும் இணைந்தன.

பிள்ளைகளைப் பறிக்கிறார் என்று அவர்மீது கடுமையான கண்டனம் எழுந்தது. அந்த அச்சத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அதிகாரம் எந்த அரசின் கையில் இருந்தாலும் ஆபத்தானதுதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக விசாரித்தே முடிவெடுக்க வேண்டும். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முதலில் எதிர்த்த தாய்மார்களில் சிலர் பிறகு ரகசியமாக அந்த நீதிபதியிடமே வந்தார்கள். என் பிள்ளையைக் கூட்டிப்போங்கள், என்னையும் கூடவே அனுப்புங்கள் என்று கேட்டார்கள். சிறையிலிருந்த தந்தையரில் சிலரும் இதற்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார்கள். தாயும் பிள்ளையும் சேர்ந்தே ஊரைவிட்டு வெளியேற வழி பிறந்தபோது, பிரிக்கிறார் என்ற குற்றச்சாட்டும் பெருமளவு வலுவிழந்தது. அப்படி வெளியேறியவர்களில் சில பெண்கள், பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று உறுதியான பிறகு வாக்குமூலமும் கொடுத்தார்கள்.

தி பெல்லா 2020-ல் சிசிலியின் கத்தானியா சிறார் நீதிமன்றத்துக்கு மாறினார். இந்த முறையையும் அங்கே கொண்டுபோனார். நீதிமன்றத்தின் பொறுப்பு பொதுவாக 18 வயது வரைதான். அதன் பிறகு ஊர் திரும்புவதா வேண்டாமா என்பதை அந்த இளைஞரே முடிவு செய்யலாம். அந்த நேரத்தில் கையில் வேலையும் தங்க இடமும் இல்லாவிட்டால், சொந்தக்காரர்கள் நீட்டும் பணம் அவரைத் திரும்ப இழுத்துவிடும். அதனால்தான் லிபேரா தொண்டர்களின் துணை அந்தப் பிறந்தநாளோடு நின்றுவிடக் கூடாது.