கல்லாவுக்கு வெளியே ஒரு நண்பர்

காலை ஆறு மணிக்குக் கடையைத் திறக்கிறோம். இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்குகிறோம். இடையில் நூற்றுக்கணக்கானவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம். "வியாபாரிக்கு என்ன குறை, ஊரெல்லாம் பழக்கம்" என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். பழக்கம் உண்டு. நட்பு உண்டா? நம் வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

கடைக்கு வருபவர் வாடிக்கையாளர். சரக்கு அனுப்புபவர் மொத்த வியாபாரி. எதிரில் இருப்பவர் போட்டிக் கடைக்காரர். இவர்கள் எல்லோரிடமும் நாம் சிரித்த முகத்தோடுதான் இருந்தாக வேண்டும். வியாபாரம் படுத்துவிட்டது என்ற பேச்சு வெளியே போனால், மறுநாளே கடன் சரக்கு நின்றுவிடும். நேற்றுவரை கேட்காத பாக்கியை இன்று கேட்பார்கள். ஆகவே நஷ்டத்தை மறைக்கிறோம். வட்டிக்கு வாங்கியதை வீட்டில்கூடச் சொல்வதில்லை.

நம்பிக்கையே மூலதனமாக உள்ள தொழிலில் இது தவிர்க்க முடியாத சங்கடம். சம்பளக்காரர் தம் கஷ்டத்தை உடன் வேலை செய்பவரிடம் சொல்லி ஆறுதல் தேடிக்கொள்வார். வியாபாரிக்கு அதுவும் இல்லை. உள்ளே பூட்டி வைத்த கவலை தூக்கத்தைக் கெடுக்கிறது, உடம்பையும் கெடுக்கிறது.

ஆராய்ச்சி சொல்வது

நட்பு பொழுதுபோக்கு அல்ல, உடல்நலத்துக்கும் அது தேவை என்பதை ஆராய்ச்சியாளர்கள் எண்களோடு சொல்லியிருக்கிறார்கள். 3 லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய 148 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்து 2010ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அவை குறைந்தவர்களைவிட 50 சதவீதம் அதிகம் என்பது அந்த முடிவு.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றும், ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்றும் அது கணக்கிட்டது. தனிமை என்றால் ஆளில்லாத இடத்தில் இருப்பது மட்டும் அல்ல. மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் இருப்பதும் தனிமைதான். கூட்டம் நிறைந்த மளிகைக் கடையிலும் அது இருக்கக்கூடும்.

நரைக்காத தலை

நம் முன்னோர் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். பாண்டிய நாட்டுப் புலவர் பிசிராந்தையாருக்கு வயது பல ஆகியும் தலை நரைக்கவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. மருந்தையோ தைலத்தையோ அவர் சொல்லவில்லை. நல்ல மனைவி மக்கள், குறிப்பறிந்து நடக்கும் பணியாளர், தீங்கு செய்யாத அரசன், ஊரில் உடன் வாழும் சான்றோர் ஆகியோரையே காரணமாகச் சொன்னார்.

அவருக்கும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனுக்கும் இருந்த நட்பு நேரில் பார்க்காமலே வளர்ந்தது. சோழன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, நண்பருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். சொன்னபடியே புலவர் வந்து சேர்ந்தார். இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை.

நம் ஊரில் உள்ள வசதி

திருவண்ணாமலை வணிகர்களுக்குப் பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் வியாபார நாட்கள். ஊரே மலையைச் சுற்றும்போது நாம் கல்லாவை விட்டு எழ முடிவதில்லை. அதற்காக நமக்குக் கிரிவலம் இல்லை என்று ஆகிவிடாது. கூட்டமில்லாத சாதாரண நாளில், கடை திறக்குமுன் அதிகாலையில் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து புறப்படலாம். பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை நடந்து முடிக்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் பக்கத்தில் நடப்பவரிடம் எதைத்தான் பேசாமல் இருக்க முடியும்? உடம்புக்கும் நடைப்பயிற்சி ஆயிற்று. அந்த வழக்கம் இல்லாதவர்கள் வாரம் ஒரு மாலை டீக்கடையில் சந்தித்தாலும் போதும்.

சில யோசனைகள்

நண்பர்களில் ஒருவராவது நம் பற்று வரவுப் புத்தகத்தில் பெயர் இல்லாதவராக இருக்கட்டும். பள்ளித் தோழராக இருக்கலாம். வேறு தெருவில் வேறு தொழில் செய்பவராக இருக்கலாம். நம் நஷ்டத்தைக் கேட்டால் அவர் நமக்காக வருந்துவாரே தவிர, தம் பாக்கிக்காகப் பயப்பட மாட்டார்.

"நேரம் கிடைக்கும்போது பார்ப்போம்" என்றால் நேரம் கிடைக்காது. சீட்டுப் பணம் கட்டும் தேதி போலச் சந்திக்கும் நாளையும் குறித்து வையுங்கள்.

நட்பையும் ஜாமீன் கையெழுத்தையும் கலக்க வேண்டாம். திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று ஆராய்ந்து நட்புக் கொள்வது பற்றியது. இரண்டு, தீ நட்பும் கூடா நட்பும் பற்றியவை. கையெழுத்துப் போட முடியாவிட்டால் முதலிலேயே சொல்லிவிடுவது நட்பைக் காப்பாற்றும்.

பக்கத்துக் கடை காரணமில்லாமல் இரண்டு நாள் பூட்டியிருந்தால் போய் விசாரியுங்கள். போட்டி கடையோடு நிற்கட்டும்.

கவலை அளவு மீறி, வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாது. உடனே வீட்டாரிடமோ நண்பரிடமோ சொல்ல வேண்டும். 2022இல் தமிழக அரசு தொடங்கிய தொலைபேசி மனநலச் சேவையின் எண் 14416. அதற்கு வைத்த பெயரே "நட்புடன் உங்களோடு" என்பதாகும்.

ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு முடித்து இருப்பு எடுக்கிறோம். அப்போது நண்பர்கள் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். குறைந்திருந்தால் இந்த வாரமே ஒரு பழைய நண்பரின் கடைக்குப் போய், சரக்கு எதுவும் கேட்காமல், நலம் மட்டும் விசாரித்துவிட்டு வாருங்கள்.